ஒரு ஆள் சந்தா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி, ஏழு மாடி வளாகமும் 'லிஃப்ட் மாமா' என்று அழைக்கும் ஆள், எழுதிக்கொள்வது. போனை எடுக்க மாட்டேன், எதுவானாலும் எழுது என்று நீ சட்டம் போட்டு இன்றோடு இருபது நாள். பேனா பிடித்து எத்தனை வருடம் ஆகிறது தெரியுமா? நான் எழுதுவதை எட்டிப் பார்த்த வீட்டுக்காரி, "இது லெட்டரா, வயரிங் படமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். பொறாமை.

நீ கேட்டிருந்தது நினைவிருக்கிறது. உன் மகன் கொடுத்த பழைய லேப்டாப்பில் நீ தட்டச்சு வேலை எடுத்துச் செய்கிறாய். அதில் உள்ள ஆபீஸ் சாஃப்ட்வேர் ஒரு மாதம்தான் இலவசம், இருபத்தேழாம் தேதியோடு பூட்டிக்கொள்ளும். வீட்டுச் சந்தாவில் ஒரு ஆளுக்கு ஒன்று, ஆறு பேருக்கு ஒன்று என்று இரண்டு வகை இருக்கிறது. எது என்ன என்று கேட்டு எழுது, அட்டையாகக் கடையில் விற்றால் வாங்கி அனுப்பு, திரையில் கார்டு நம்பரைத் தட்டக் கை நடுங்குகிறது. சரிதானே?

அக்கா, நீ சரியான ஆளிடம் கேட்டாய். என் வளாகத்தில் இரண்டாவது மாடியில் கம்ப்யூட்டர் கடை. போய்க் கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்வார்களா? விற்கிறதைத்தான் சொல்வார்கள். ஆனால் அதிர்ஷ்டம் பார், நேற்று அந்தக் கடையின் தலைமை விற்பனையாளரே என் மூன்றாம் நம்பர் லிஃப்டில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

கதவு இடுக்கில் வாயை வைத்துக் கேட்டேன்.

"உள்ள யாரு?"

"கம்ப்யூட்டர் கடைங்க. சீக்கிரம் திறங்க, மூச்சு முட்டுது!"

"அதெல்லாம் முட்டாது, மேல ஃபேன் ஓடுது பாருங்க. ஒரு சந்தேகம். ஒரு ஆள் சந்தாவுக்கும் ஆறு பேர் சந்தாவுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"என்னது?"

"நிதானமா சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

நாற்பது நிமிடம். எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஒரு ஆள் சந்தா என்றால் பெயர் ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று. அந்த ஒருவர் அதை நாலைந்து மெஷினில் போட்டுக்கொள்ளலாம். ஆறு பேர் சந்தா என்றால் ஒருவர் தலைவர், அவர் பெயரில் வாங்கி மற்ற ஐந்து பேருக்கு அழைப்பு அனுப்புவார். ஆறு பேருக்கும் தனித்தனி அலமாரி மாதிரி இடம், ஒருவர் வைப்பதை இன்னொருவர் பார்க்க முடியாது. இலவசமாகவே ஒன்று இருக்கிறதாம், ஆனால் இன்டர்நெட் போனால் அதுவும் போச்சு. ஒரே தடவை வாங்கிப் போட்டுக்கொள்கிற வகையும் உண்டாம், வாங்கின அன்றைக்கு எப்படியோ காலத்துக்கும் அப்படியே நிற்கும்.

கதவைத் திறந்ததும் மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார்.

என் தீர்ப்பு: ஆறு பேர் சந்தா. ஆறு பேர் ஏறுகிற லிஃப்ட் நிற்கும்போது ஒரு ஆள் நிற்கிற பெட்டியில் யாராவது ஏறுவார்களா? தலைவர் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். காத்திருக்கிறேன் என்று சும்மா சொன்னேன், நீ சரி என்றுதான் சொல்வாய்.

உன் தம்பி

*

மார்ச் 8

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. படிக்க முடிந்தது. முப்பத்தொரு வருடம் அதிகாரிகளின் கிறுக்கலைப் படித்துத் தட்டச்சு செய்தவள், உன்னுடையது ஒன்றும் பெரிதில்லை.

முதலில் ஒன்று. மாட்டிக்கொண்ட மனிதரை நாற்பது நிமிடம் உள்ளே வைத்துக்கொண்டா கேள்வி கேட்டாய்? அவர் புகார் எழுதிக் கொடுத்தால் உன் வேலை என்ன ஆகும்? அப்படி நடந்திருக்காது என்று தெரியும். நடந்த மாதிரி எழுதுகிறாயே, அதுவே எனக்குப் படபடப்பாக இருக்கிறது.

நீ விசாரித்துச் சொன்னதற்கு நன்றி. விளக்கம் தெளிவாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரு ஆள் சந்தா போதும். அந்த அட்டையை வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பு.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. துணி துவைக்கும் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை போட்டுக் கொடுத்திருக்கிறான் மகன். மெஷின் சுழலும்போது மேசையும் லேசாக ஆடும். அப்போது பிழை திருத்தம் மட்டும் பார்ப்பேன், தட்டச்சு செய்ய மாட்டேன். முதல் வேலை ஒரு ஆராய்ச்சி மாணவியின் ஆய்வேடு. தோட்ட நத்தைகளைப் பற்றியது. முந்நூறு பக்கத்துக்கு மேல் வரும். ஏப்ரல் நான்காம் தேதி பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். அடிக்குறிப்பு, அட்டவணை, பொருளடக்கம் எல்லாம் அந்தச் சாஃப்ட்வேரில் போட்டிருக்கிறேன், இலவச வகையில் திறந்தால் வரிசை கலைந்துவிடுகிறது. அதனால் இருபத்தேழாம் தேதிக்குள் அட்டை வந்தாக வேண்டும். ஓய்வு பெற்ற பின் பதினோரு வருடத்தில் எனக்கென்று வந்த முதல் வேலை இது. கெட்டுப்போகக் கூடாது.

மகனும் ஆறு பேர் சந்தாவே வாங்கலாம் என்கிறான். "எல்லாருக்கும் ஆகுமேம்மா" என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான். பேரப்பிள்ளைகளின் பள்ளி வேலைக்கும் ஆகும். இருந்தாலும் எனக்கு ஒரு ஆள் சந்தாதான் வேண்டும். காரணம் எழுதலாம் என்று ஆரம்பித்து இரண்டு முறை அடித்துவிட்டேன். இருக்கட்டும்.

போன் விஷயம் பற்றிக் கோபித்துக்கொள்ளாதே. நீ பேச ஆரம்பித்தால் நான் சரி, சரி என்று சொல்லிவிடுகிறேன். வைத்த பிறகு ஒரு வாரம் என் மேலேயே எனக்குக் கோபமாக இருக்கிறது. கடிதம் என்றால் நானும் ஒரு வாக்கியம் முடிக்க முடிகிறது.

அக்கா

*

மார்ச் 13

அக்கா,

உட்கார்ந்துகொள். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

வாங்கிவிட்டேன்! நீ ஒன்று கேட்டாய், உன் தம்பி ஆறாக வாங்கிவிட்டான்!

ஒரு ஆள் அட்டையைத்தான் கையில் எடுத்தேன், சத்தியமாக. எடுத்ததும் மனசு கேட்கவில்லை. என்னைப் பெற்றவள் இல்லாத குறைக்கு நீதானே எனக்கு எல்லாம்? உனக்கு ஒற்றை அட்டை வாங்கிக் கொடுத்தால் ஊர் என்ன பேசும்? அங்கேயே கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தோளில் தட்டி, "அக்காவுக்கு வாங்குறதுன்னா இப்படித்தான் வாங்கணும்" என்றார். கடை முதலாளி எழுந்து நின்று பில்லை நீட்டினார். அந்த முதலாளி யாருக்கும் எழுந்து நின்றதே கிடையாது, முட்டிவலிக்காரர்.

அன்றைக்கே வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து அட்டையைச் சுரண்டி எண்ணைப் போட்டேன். வீட்டுக்காரி பக்கத்தில் நின்று எண்ணைப் படித்தாள், நான் தட்டினேன். மூன்று தடவை தப்பு என்று வந்தது. அவள் படித்ததில்தான் தப்பு. நாலாவது தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டினேன், சரியாகிவிட்டது. திரையில் என் பெயர் பெரிய எழுத்தில் மேலே வந்தது பார், அதற்குக் கீழே ஐந்து காலி வட்டம். சந்தாவின் தலைவர்! எட்டாவதுக்கு மேல் தாண்டாத ஆள் என்று சொன்னவர்கள் எல்லாம் வரிசையில் வந்து பார்க்கட்டும்.

என் திட்டம் இதுதான். நான், வீட்டுக்காரி, நீ, என் மருமகனான உன் மகன், உன் மருமகள். ஐந்து. ஆறாவது இடத்துக்கு இங்கே ஒரே தள்ளுமுள்ளு. நாலாவது மாடி பல் டாக்டர் காலை வணக்கம் சொல்கிறார். அடித்தளத்துத் தையல்காரர் என் சட்டைக்குப் பொத்தான் போட்டுக் கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்கிறார். இருபத்திரண்டு வருடமாக ஏற்றி இறக்கியிருக்கிறேன், ஒருத்தரும் இப்படிச் சிரித்ததில்லை.

நீ எதற்கும் கவலைப்படாதே. நத்தை நிதானமாக ஊரட்டும், நாம் வேகமாகப் போகலாம்.

தலைவர்
(உன் தம்பி)

*

மார்ச் 18

தம்பிக்கு,

உன் மனசு எனக்குத் தெரியும். கெட்ட எண்ணத்தில் நீ எதையும் செய்தது கிடையாது. அதனால்தான் உன்னிடம் கோபப்படவும் முடிவதில்லை.

போன கடிதத்தில் அடித்துவிட்ட காரணத்தை இப்போது எழுதுகிறேன். எழுதினால் எனக்காவது தெளியும்.

ஆபீசில் நாங்கள் தட்டச்சு செய்யும் கடிதத்தின் அடியில், இடது மூலையில், ஒரு குறிப்பு போடுவோம். முதலில் கையெழுத்துப் போடும் அதிகாரியின் முதலெழுத்துகள், பெரியதாக. பிறகு ஒரு சாய்கோடு. அதற்குப் பிறகு தட்டச்சு செய்தவளின் எழுத்துகள், சின்னதாக. முப்பத்தொரு வருடம் நான் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அது வேலை, நன்றாகச் செய்தேன். இடதுபக்க எழுத்துகள் பன்னிரண்டு முறை மாறின. நான் மாறவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். பீரோவில் என் துணி ஒரு தட்டு, மற்றவை எல்லோருடையது. போன் மகன் பெயரில். காஸ் இணைப்பு இன்னும் உன் அத்தான் பெயரில். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை. யாரும் என்னிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்களுக்கு நடுவில் ஒன்றைத் தனியாகக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது, நீ கேட்காமலே எடுத்துக்கொள்கிற பிள்ளை.

ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு என்று நீ எழுதினாயே, அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். அவ்வளவுதான் காரணம். சின்னக் காரணம்.

சரி, வாங்கியது வாங்கியாகிவிட்டது. வீணாக்க வேண்டாம். எனக்கு வேலை முடிய வேண்டும், எதில் முடித்தால் என்ன. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. என் மின்னஞ்சலுக்கு அந்த அழைப்பை அனுப்பிவிடு. முகவரியை மேலே தெளிவாக எழுதியிருக்கிறேன், எழுத்து மாறாமல் தட்டு.

மகனுக்கு ரொம்பச் சந்தோஷம். மாமா மாமா என்று ஒரே பாட்டு.

அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள, பொறுமையின் இருப்பிடமான அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் கேட்காமலே எடுத்துக்கொள்கிற பிள்ளை என்று எழுதியிருக்கிறாய். சரி. திட்டை வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு சின்ன, ரொம்பச் சின்னத் தடங்கல். இதைத் தடங்கல் என்றே சொல்லக்கூடாது. நம் சந்தாவின் வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு இடமும் நிரம்பிவிட்டது.

பதறாதே. எப்படி என்று சொல்கிறேன். நான் ஒன்று. வீட்டுக்காரி இரண்டு. லிஃப்டில் மாட்டினாரே, அந்த மனிதருக்கு ஒரு இடம் மன்னிப்பாகக் கொடுத்துவிட்டேன், அது மூன்று. மருமகன் போன் செய்து, "மாமா, அழைப்ப அனுப்புங்க" என்றான், அது நாலு. உன் மருமகளுக்கு அவள் ஆபீசிலேயே கொடுத்திருக்கிறார்களாம், வேண்டாம் என்றுவிட்டாள். ஆக இரண்டு இடம் மிச்சம் என்று பல் டாக்டருக்கும் தையல்காரருக்கும் கொடுத்தேன்.

நேற்று உனக்கு அனுப்ப உட்கார்ந்தால், இடமில்லை என்கிறது திரை. எண்ணிப் பார்க்கிறேன், பார்க்கிறேன், நீ எங்கே போனாய் என்றே தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. மருமகனைச் சேர்த்தபோதே உன்னையும் சேர்த்துவிட்டதாக நினைத்திருக்கிறேன். ஒரே வீடுதானே! அக்கா வீட்டுக்கு ஒன்று என்று மனசில் டிக் போட்டுவிட்டேன்.

உடனே ஆளை இறக்கிவிடக் கிளம்பினேன். டாக்டரிடம் போனால், வாயைத் திறங்க என்று நாற்காலியில் படுக்க வைத்துவிட்டார், வாய் திறந்திருக்கும்போது எப்படிப் பேசுவது? தையல்காரர் ஊரில் உள்ள அத்தனை பேர் இடுப்பளவையும் உள்ளே போட்டு வைத்திருக்கிறார். வீட்டுக்காரியைக் கேட்டேன். அவள் ஏதோ எழுதுகிறாளாம், என்ன என்று சொல்ல மாட்டாளாம். "என்னை இறக்கிவிட்டீங்கன்னா நீங்க சமையலறைப் பக்கமே ஏற முடியாது" என்கிறாள்.

ஆனால் உன் தம்பி விடுவானா? அருமையான வழி கண்டுபிடித்தேன். என் இடத்தையே உனக்குத் தருகிறேன்! தலைவர் இடம்! என் பெயரையும் பாஸ்வேர்டையும் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அதைப் போட்டு உள்ளே போ, ராணி மாதிரி உட்கார்ந்து தட்டு. ஃபைலில் எழுதியவர் என்கிற இடத்தில் என் பெயர் வரும். அதனால் என்ன, நமக்குள் என்ன கணக்கு? நத்தைகளைப் பற்றி நான் எழுதினதாகவே இருக்கட்டும், எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை.

எவ்வளவு பெரிய மனசு பார்.

உன் தம்பி

*

மார்ச் 27

தம்பி,

பின்பக்கம் இருந்த பாஸ்வேர்டைப் படிக்க முடியாதபடி கருப்பு மையால் அடித்துவிட்டேன். யாருக்கும் உன் பாஸ்வேர்டைத் தபாலில் அனுப்பாதே.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மகனும் மருமகளும் படித்தார்கள். மகன் சிரித்தான். "நல்ல ஐடியாம்மா. மாமா பேர்லயே அடிச்சிரு. யார் பார்க்கப் போறா?" என்றான்.

நான் தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டேன். மூன்றாவது தட்டைக் கழுவும்போது தண்ணீரை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு என் சின்ன மேசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

காலை பதினொன்று நாற்பது. அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். ஆறு பேர் சந்தாதான் பெரிய கட்டத்தில், வண்ணத்தில், 'அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது' என்று போட்டு நடுவில் இருந்தது. ஒரு ஆள் சந்தா பக்கத்தில் ஒல்லியாக இருந்தது. அதை அழுத்தினேன். நிஜமாகவா என்கிற மாதிரி இன்னொரு முறை ஆறு பேர் சந்தாவைக் காட்டியது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

கார்டு எண் கேட்டது. மருமகள் பின்னால் வந்து நின்றாள்.

"நான் அடிக்கட்டுமா அத்தை?"

"வேண்டாம்மா. நீ பக்கத்துல நில்லு, போதும்."

கை நடுங்கியது. ஆனால் ஒன்று தெரிந்தது, தம்பி. விரல்கள் விசைகளைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. பதினாறு எண்ணையும் பார்க்காமல் அடித்தேன். ஒரு தப்பு இல்லை.

அடுத்தது பெயர் கேட்டது. முழுப் பெயரையும் போட்டேன்.

மகன் உள்ளேயிருந்து, "மாமாதான் வாங்கிட்டாரேம்மா, இது எதுக்கு?" என்றான்.

"அது மாமாவோடது" என்றேன். மருமகள் துணி மெஷினை நிறுத்திவிட்டுப் போனாள். சாயங்காலம் வரை அவள் அதைப் போடவில்லை.

நூற்றெண்பது பக்கம் முடிந்திருக்கிறது. இன்னும் எட்டு நாள்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. முதல் நாள் எனக்குக் கோபம். இரண்டாம் நாளும் கோபம். ஊரே மெச்சின ஏற்பாட்டைத் தட்டிவிட்டு ஒல்லிக் கட்டத்தை அழுத்தினாளே என்று வேலையில் முகம் கொடுத்து யாரிடமும் பேசவில்லை. ஒன்றாம் நம்பர் லிஃப்டின் கதவு சென்சாரைத் துடைத்துக்கொண்டே புலம்பியிருக்கிறேன், ஏழாவது மாடி அம்மா ஏறாமல் படியில் போய்விட்டார்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரி உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க அக்கா என்ன கேட்டாங்க?"

"சந்தா."

"எந்தச் சந்தா?"

"ஒரு ஆள் சந்தா."

"நீங்க என்ன குடுத்தீங்க?"

"ஆறு பேர்..."

"இல்ல. உங்களைக் குடுத்தீங்க. அவங்க ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, அதுலயும் நீங்க போய் உக்காந்துக்கிட்டீங்க."

அக்கா, நான் வாயாடி என்று உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் முதல் தடவையாகப் பதில் வரவில்லை. அவளே பயந்துபோய், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்டில் மாட்டியது நாற்பது நிமிடம் இல்லை, ஏழு நிமிடம். அவர் தலைமை விற்பனையாளரும் இல்லை, கடைக்குப் பிரிண்டர் மை கொண்டுவந்து போடுகிறவர். அவருக்குத் தெரிந்தது பாதி, மீதியை அட்டையின் பின்பக்கம் படித்துத் தெரிந்துகொண்டேன். கண் கலங்கவும் இல்லை, "ஏன்யா இப்படிப் பண்றே" என்று திட்டினார். கடை முதலாளி எழுந்து நின்றது மட்டும் நிஜம். கடை மூடுகிற நேரம்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஒரு ஆள் அட்டையைக் கையில் எடுத்தேன் என்று எழுதினேன் அல்லவா, எடுக்கவே இல்லை. உள்ளே போகும்போதே ஆறு பேர் அட்டை என்றுதான் போனேன். உனக்கு எது வேண்டும் என்பது தெரிந்தேதான் போனேன். உனக்குத் தேவையானது எனக்குத்தான் உன்னைவிட நன்றாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு. யாரைக் கேட்டு வந்தது அந்த நினைப்பு என்று யோசித்தேன். யாரையும் கேட்டு வரவில்லை.

தப்பு என்னுடையது. இந்த வார்த்தையை எழுத ஒரு பேனாவே தீர்ந்துபோனது. அப்படியெல்லாம் இல்லை, பேனா நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது நல்ல செய்தி. பிரிண்டர் மைக்காரரிடம் நேரில் போய்ப் பேசினேன், அவர் அந்தச் சந்தாவை ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கவில்லையாம், சந்தோஷமாக இறங்கிவிட்டார். ஆக ஒரு இடம் காலி. அதை உனக்கென்றே வைத்திருக்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் அந்த வட்டம் காலியாகவே இருக்கும். யார் கேட்டாலும் தரமாட்டேன்.

வளாகத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், என் அக்கா ஆயிரம் பக்கம் புத்தகம் அடிக்கிறாள், கடலில் உள்ள அத்தனை மிருகத்தைப் பற்றியும் என்று. தையல்காரர் வாயைப் பிளந்துவிட்டார். அதில் மட்டும் என்னைத் தடுக்காதே.

உன் தம்பி

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

ஆய்வேடு மூன்றாம் தேதி மாலையே முடிந்துவிட்டது. முந்நூற்றுப் பத்தொன்பது பக்கம். மாணவி வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அடிக்குறிப்புகள் எல்லாம் அததன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எங்க கைடுகூட இதை இப்படி எதிர்பார்க்கலை" என்றாள். அவள் தோழி ஒருத்தி தேனீக்களைப் பற்றி எழுதுகிறாளாம். நேற்று முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு ஒரு வக்கீல் கேட்டு அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் சரி சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்படி ஒருவரிடம் சொல்வது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா?

கடல் மிருகம் இல்லை, தோட்ட நத்தை. ஆயிரம் பக்கமும் இல்லை. ஆனால் தையல்காரரிடம் போய்த் திருத்தவேண்டாம். அவர் சந்தோஷமாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. மகன் அவசரமாக வந்தான். உன் சந்தாவில் அவனுக்குக் கொடுத்த இடத்தின் பாஸ்வேர்டை மறந்துவிட்டானாம்.

"அம்மா, உன்னோடத ஒரு நிமிஷம் குடும்மா. ஒரே ஒரு லெட்டர், அடிச்சுட்டு வந்துர்றேன்."

"குடுக்க மாட்டேன்பா" என்றேன்.

அவன் அப்படியே நின்றான். எனக்கும் வார்த்தை வெளியே வந்த பிறகுதான் பயமாக இருந்தது. எந்தக் கணமும் மன்னிப்புக் கேட்டுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரிம்மா, நான் என்னோடதையே மாத்திக்கிறேன்" என்று போய்விட்டான். பத்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டு லெட்டரையும் அடித்துவிட்டான். சாப்பிடும்போது சாதாரணமாகப் பேசினான். இத்தனை வருடம் இதற்கா பயந்தேன் என்று சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் என்னைப் பார்த்தாள், அவளும் சிரித்தாள். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

உன் வீட்டுக்காரியிடம் சொல், அவள் என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

நீ உண்மை எழுதிய பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். படித்தேன். மனசு லேசாக இருக்கிறது.

காலி இடத்தைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு வேண்டாம், தம்பி. நான் இருக்கும் இடம் எனக்குச் சரியாக இருக்கிறது. சும்மா அதைப் பூட்டி வைக்காதே, யாருக்காவது உதவும். ஏழாவது மாடி அம்மா உன் புலம்பலுக்குப் பயந்து படியில் போனாரே, அவருக்கு வேண்டுமானால் கொடு. ஆனால் கொடுப்பதற்கு முன், வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் நில். கஷ்டம்தான். நான் அங்கே இருந்து பார்க்கவா போகிறேன், முயற்சி செய்.

அக்கா